பால் திரும்பி வந்த கோடை

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதத்தில் என் மகள் பிறந்தாள். பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி இருந்த எங்கள் வரிசை வீடுகளில் அதுவரை யாரும் பாண்டிக்குப் போய்ப் பிள்ளை பெற்றதில்லை. என் கணவர் உப்பளத்தில் மேற்பார்வையாளர். நான் ஊர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் முதல் குழந்தைக்கு எல்லாமே உசத்தியாக நடக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று டாக்டர் என் கையில் ஒரு பால் பவுடர் டின்னைக் கொடுத்தார். டின்மேல் கன்னம் உப்பிய ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"வேலைக்குப் போற அம்மாவுக்கு இதுதாம்மா வசதி. இப்பவே பழக்கிடுங்க. தண்ணிய மட்டும் நல்லா கொதிக்க வெச்சுக்குங்க, இருபது நிமிஷம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. என் தலையைத் தடவிவிட்டுத்தான் அனுப்பினார். ஆனால் நான் எந்த ஊருக்குப் போகிறேன், அங்கே எந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பவுடர் பால் கொடுக்கக் கொடுக்க, குழந்தை என்னிடம் குடிப்பது குறைந்தது. ஆறு வாரத்தில் எனக்குப் பால் நின்றே போனது. அதற்காக அப்போது நான் வருந்தவில்லை. புடவை நனையாமல் நாலு பேர் நடுவில் உட்கார முடிகிறதே என்று சந்தோஷம்தான் பட்டேன். என் கணவர் கோட்டக்குப்பத்தில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, துபாயிலிருந்து வந்த டின்களை வாங்கி வருவார். அதை அலமாரியில் வெளியே தெரியும்படி அடுக்கி வைத்தேன்.

சித்திரை பிறந்தபோது குழந்தை ஓயாமல் அழ ஆரம்பித்தாள். பசி அழுகை போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. பாட்டிலைக் காட்டினால் வெறி பிடித்தது போல உறிஞ்சுவாள். முடித்ததும் மறுபடி அழுவாள். உதடு காய்ந்து தோல் உரிந்தது. அடிக்கடி வயிற்றுப்போக்கு. கை கால்கள் குச்சியாகிவிட்டன. வாரம் ஒருமுறை பஸ் ஏறி டாக்டரிடம் போனோம். போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஊசி, ஒரு டானிக். ஊசி போட்ட இடம் கட்டிப்போய் அந்தச் சின்னத் தொடை கல்லாக இருந்தது. "தண்ணி இன்னும் சுத்தமா இருக்கணும்" என்றார் டாக்டர். நான் இருபது நிமிஷத்தை அரை மணி நேரமாக்கினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அடுப்படியிலேயே நின்று, ஒரு தூசி விழாமல், அவ்வளவு பக்தியோடு கொதிக்க வைத்தேன்.

எங்கள் தெருவுக்குக் காலையில் மீன் கொண்டுவருகிற ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவள். தலையில் கூடை, இடுப்பில் அவளுடைய மகன். அவனுக்கும் என் மகளுக்கும் ஒரே ஒரு மாதம்தான் வித்தியாசம். அவன் இடுப்பில் உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்க்கக்கூடாது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் கூடையை இறக்கியவள் மீனை எடுக்காமல் என் தோளில் கிடந்த குழந்தையையே பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, புள்ள வாயெல்லாம் காஞ்சு கெடக்குது?"

"டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கோம்."

"டாக்டரு இன்னா சொல்றாரு?"

"ஊசி போட்டிருக்காரு."

அவள் எழுந்து வந்து, கேட்காமலே குழந்தையின் உச்சந்தலையில் விரலை வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. மீன் கை என்று கூட நினைத்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

"உச்சி பள்ளமா இருக்குது. இது ஊசிக்கு அடங்குற சமாச்சாரமா தெரியல" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் தனியாக வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். "எங்க குப்பத்துக்குத் தடுப்பூசி போட வந்தாங்க. அப்படியே இட்டாந்துட்டேன்" என்றாள்.

நர்ஸம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைப் புடவையின் கீழ்க்கரை முழுக்க உப்பளத்துச் சேறு. குழந்தையை மடியில் போட்டு, தோலைக் கிள்ளிப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். துணி விலக்கிப் பார்த்தார்.

"காலையில இருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போச்சு?"

யோசித்தேன். ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவருக்கு வெயில் தாகம் என்று நினைத்து ஒரு டம்ளர் கொண்டுவந்தேன். ஒரு வாய் வைத்தவர், முற்றத்தில் போய்த் துப்பினார்.

"இந்தத் தண்ணியிலயா பால் கலக்குற?"

"நல்லா கொதிக்க வெச்சுதாங்க கலக்குறேன். அரை மணி நேரத்துக்கு மேலயே."

 அவர் அந்த டம்ளர் தண்ணீரை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைக்கச் சொன்னார். "அது வத்துற வரைக்கும் வுடு" என்றார். எதற்கென்று புரியவில்லை. தண்ணீர் கொதித்தது, குறைந்தது, கடைசியில் சடசடவென்று வெடித்து அடங்கியது. கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு. அவர் அதை நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

"நாக்குல வச்சுப் பாரு."

கரித்தது. கசப்பும் இருந்தது.

"கொதிக்க வெச்சா கிருமி சாவும்மா. உப்பு சாவுமா? தண்ணிதான் ஆவியா போவும், உப்பு அங்கியே நிக்கும். நேரம் ஆவ ஆவ கரிப்பு ஏறும். உங்க வூட்டுக்காரர் வேலையே இதுதானே?"

 எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பது தெரியாத விஷயமில்லை. கோடையில் உப்புப் பாத்திகளில் கடல் தண்ணீர் நிற்கும்போது இன்னும் கரிக்கும். ஆனால் அதே தண்ணீரில் சமைத்து அதையே குடித்து எங்கள் நாக்கு அதற்கு மரத்துப் போயிருந்தது. குழந்தைக்குத் தாகம். தாகத்துக்கு நான் உப்புத் தண்ணீர் கொடுத்தேன். அவள் அழுதாள். இன்னும் கொடுத்தேன். எவ்வளவு கவனமாக இருந்தேனோ அவ்வளவு கெடுதல் செய்திருக்கிறேன்.

"அழுவாத. இப்ப அழுவுறதுக்கு நேரமில்ல" என்றார் நர்ஸம்மா. "மேற்கால மேட்டு நெலத்துக் கெணத்துல நல்ல தண்ணி இருக்குது. உடனே எடுத்தாரச் சொல்லு. சாயந்திரத்துக்குள்ள புள்ள ரெண்டு தடவ ஒண்ணுக்குப் போவணும். போவலன்னா பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிடணும். அதுல யோசனையே கூடாது."

மீன்காரப் பெண் உப்பளத்துக்கு ஓடி என் கணவரைக் கூட்டி வந்தாள்.  நான் கிண்ணத்தை நீட்டினேன். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நாள் முழுவதும் உப்பைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்கிற மனிதர். முகம் கறுத்துப்போனது. சைக்கிளில் இரண்டு தகர டின்களைக் கட்டிக்கொண்டு அந்த உச்சி வெயிலில் மேற்கே மிதித்தார்.

"அவரு வர்ற வரைக்கும் எதைங்க குடுக்கிறது?" என்று நான் கேட்டேன்.

நர்ஸம்மா பதில் சொல்வதற்குள் மீன்காரப் பெண் கைகளை நீட்டினாள். "எங்கிட்ட குடு டீச்சரம்மா. எம் புள்ளைக்குப் போவ மிச்சம் இருக்குது."

நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். "குடும்மா. இந்த நேரத்துக்கு இதவிட மருந்து எங்கிட்ட கெடையாது" என்றார்.

அவள் கிணற்றடிக்குப் போய்க் கைகளைச் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்தாள். முந்தின நாள் நான் என்ன நினைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று கூசிப்போனேன். கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். பாட்டிலுக்குப் பழகிய வாய் முதலில் முகத்தைத் திருப்பியது. அவள் தன் பாலை இரண்டு சொட்டு அந்த உதட்டில் பீய்ச்சினாள். குழந்தை நாக்கை நீட்டியது. மறுபடி பீய்ச்சினாள். நாலாவது முறை வாய் பற்றிக்கொண்டது. பிறகு அந்த வீட்டில் மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வயிறெரியவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அடுத்த வீட்டு அம்மாள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யார் பாலையோ குடுக்கிறீங்களே, நாளைக்குப் புள்ளைக்கு என்ன புத்தி வருமோ" என்றாள். அந்த நேரம் பார்த்து என் கணவர் தண்ணீரோடு திரும்பி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. கூடத்தில் நடப்பதைப் பார்த்தார், வாசலில் நின்றவளையும் பார்த்தார். உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, மீன்காரப் பெண்ணின் பக்கத்தில் வைத்து, "கை வலிக்கும், முட்டுக் குடுத்துக்கம்மா" என்றார். அடுத்த வீட்டு அம்மாள் வாசலை விட்டு நகர்ந்தாள்.

மூன்று மணிக்குக் குழந்தையின் துணி நனைந்தது. ஐந்து மணிக்கு மறுபடி நனைந்தது. அந்த ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வாசலுக்கு ஓடி வந்து, "ஒண்ணுக்குப் போயிட்டா! ஒண்ணுக்குப் போயிட்டா!" என்று தெருவுக்கே கத்தினேன்.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா வந்தபோது குழந்தையின் உதட்டில் பளபளப்பு வந்திருந்தது. நல்ல தண்ணீரில் பவுடர் பால், நடுநடுவே மீன்காரப் பெண்ணின் பால் என்று போய்க்கொண்டிருந்தது. அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"பாட்டிலத் தூக்கிக் கடாசிடு. உன் பாலையே திருப்பிக் கொண்டாந்துடலாம்."

"அது வத்திப்போயி ஒண்ணரை மாசமாச்சுங்க."

"வத்துறதுக்கு அது ஏரித் தண்ணியாம்மா? புள்ள சப்புனா சுரக்கும். ஒரு நாளைக்குப் பத்து தடவ சப்ப வுடு. வந்தாலும் வராட்டியும் வுடு."

"வெறும் மார்ல அவ இருக்க மாட்டாளே."

அதற்கும் அவரிடம் வழி இருந்தது. பால் புகட்டும் சங்கு போல மூக்கு வைத்த பாலாடையில் பாலை எடுத்து, குழந்தை சப்பும்போது மார்பின் மேலிருந்து சொட்டுச் சொட்டாக வழியவிட வேண்டும். பால் வருகிறது என்று நம்பி அவள் சப்பிக்கொண்டே இருப்பாள். அவள் சப்பச் சப்ப என் உடம்பும் அதை நம்ப ஆரம்பிக்கும்.

சொல்வதற்கு எளிது. முதல் மூன்று நாள் குழந்தை என்னைக் கண்டாலே வீறிட்டாள். பாலாடை நழுவி என் மடியெல்லாம் பால். காம்பு வெடித்து எரிந்தது. என் கணவர் பாலாடையைப் பிடித்துக்கொள்வார், நான் குழந்தையைப் பிடித்துக்கொள்வேன். உப்பளத்திலிருந்து காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இதற்காகவே சைக்கிளில் வந்து போனார். மீன்காரப் பெண் வரும் நேரத்தில் அவள் பிடிப்பாள். "டீச்சரம்மா, நீ பல்லக் கடிச்சிக்கினு இருந்தா புள்ளயும் வெறச்சிக்குது. தோள எறக்கு. மூச்ச வுடு" என்பாள். இத்தனை பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

நான்காம் நாள் அவள், பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற பால் சுறா கொண்டுவந்தாள். அதன் வாடைக்குப் பயந்து எங்கள் வீட்டில் வாங்குவதே இல்லை. அவளே எங்கள் அடுப்படியில் அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, தட்டு நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் புட்டாக வதக்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் வைத்தவள், தட்டை வழித்துத்தான் எழுந்தேன். பிரசவமானதிலிருந்து பிஸ்கட்டும் ரொட்டியும் டின்னில் வந்த சத்து மாவும்தான் என் சாப்பாடாக இருந்தது. அதெல்லாம் நின்றது. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் முருங்கைக்கீரையும் பருப்பும், மூன்று நாளைக்கு ஒருமுறை சுறாப் புட்டு. உடம்பில் ரத்தம் ஓடுவது எனக்கே தெரிந்தது. படி ஏறினால் கண் இருட்டுவது நின்றது.

ஒன்பதாம் நாள் காலை. குழந்தை சப்பிக்கொண்டிருந்தாள். என் கணவர் பாலாடையைக் கழுவ எடுத்துப் போயிருந்தார். மேலிருந்து வழிவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் விடவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. நான் மெதுவாக விரலை விட்டு வாயை விலக்கிப் பார்த்தேன். அவள் உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு துளி. என் காம்பிலும் ஒரு துளி திரண்டு நின்றது.

"என்னங்க! இங்க வாங்க! சீக்கிரம்!"

ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஈரக்கையோடு ஓடி வந்தவர், பார்த்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளில்கூட அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கூடியது. மூன்றாவது வாரம் புடவை நனைந்தது. நாலு பேர் நடுவில்தான் நனைந்தது. நான் முந்தானையை இழுத்து மறைக்கவில்லை. ஐந்தாவது வாரம் பாலாடை எதற்கும் தேவைப்படவில்லை.

எதனால் பால் வந்தது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. "எங்க கடலு சுறாதான்" என்றாள் மீன்காரப் பெண். "சுறா அவளுக்குச் சத்து. பால் கொண்டாந்தது புள்ளயோட வாயி" என்றார் நர்ஸம்மா. "அப்ப நீயே அடுத்த தடவ சுறா இல்லாம வரவெச்சுக் காட்டு!" என்று மடக்கினாள் மீன்காரப் பெண். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவே இல்லை. நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

இன்னொரு சண்டை நர்ஸம்மாவுக்கும் எனக்கும். குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட வேண்டும் என்றார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே நான் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டேன். "இனிமே எந்த ஊசியும் வேணாங்க. பட்டதெல்லாம் போதும்."

"இங்க பாரு" என்றார் அவர், முதல்முறையாகக் குரலை உயர்த்தி. "எதுக்குன்னு கேக்காம போட்டுக்கினியே, அதான் தப்பு. இப்ப கேளு. எதுக்குன்னு சொல்றேன். தொண்டை அடைப்பானுக்கு, கக்குவானுக்கு, ரண ஜன்னிக்கு. இதுல செத்த புள்ளைங்கள நான் கையில தூக்கியிருக்கேன். ஊசி எல்லாம் ஒண்ணு இல்லம்மா."

நான் இன்னும் நாலு கேள்வி கேட்டேன். நாலுக்கும் பதில் சொன்னார். குழந்தையின் தொடையை நானே பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை எந்த மருந்தானாலும் எதற்கு என்று கேட்காமல் நான் வாங்கியதில்லை.

ஆவணியில் ஆறு மாதம் முடிந்தபோது அரசு ஆஸ்பத்திரித் தூக்குத் தராசில் அவளைத் தொங்கவிட்டார்கள். சித்திரையில் மூன்றரை கிலோ இருந்தவள். முள் ஆறைத் தாண்டி நின்றது. நர்ஸம்மா வரிசையில் நின்ற எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினார். என் மகள் தராசுத் துணியில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு, அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தாள். டின்மேல் இருந்த குழந்தையெல்லாம் அவள் பக்கத்தில் நிற்க முடியாது.

அதற்குள் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. காலை இடைவேளை, மதியம், மாலை இடைவேளை என்று என் கணவரோ மீன்காரப் பெண்ணோ குழந்தையைக் கொண்டுவருவார்கள். வரைபடங்கள் மாட்டி வைக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து கொடுப்பேன். தலைமையாசிரியர் முதல் வாரம், "இது பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியாம்மா?" என்றார். "பத்து நிமிஷம் சார். டீ குடிக்க எல்லாரும் எடுத்துக்கிற நேரம்தான்" என்றேன். அவர் டீக் கிளாசைக் கீழே வைத்தார். மறுநாள் அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லியிருந்தார்.

என் கணவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எங்கள் குழந்தைக்கு நல்ல தண்ணீர் வந்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் பழைய உப்புக் கிணற்றில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதைத்தான் குடித்தன. இரண்டு வரி விண்ணப்பம் எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. மேலதிகாரி ஒருவர் உப்பளத்தைப் பார்வையிட வந்த அன்று, என் கணவர் எங்கள் வீட்டு ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் அலுவலக மேசைக்குப் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்தார். குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு அதிகாரியின் கண்ணெதிரே வற்றவைத்தார். படிவைச் சுரண்டித் தட்டில் வைத்து, "நாம விக்கிற சரக்கு சார் இது. இதத்தான் புள்ளைங்க குடிக்குதுங்க. நீங்களே ருசி பாருங்க" என்றார்.

வேலை போய்விடும் என்று நான் வீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தேன். அதிகாரி ருசி பார்த்தாராம். முகம் சுளித்தாராம். பிறகு தன் குடிதண்ணீர் ஃபிளாஸ்க்கைத் திறந்து வாய் கொப்பளித்தாராம். அடுத்த மாதத்திலிருந்து மேட்டு நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாய் பீப்பாயாக வந்தது. முதல் வண்டி வந்த அன்று உப்பளத்துப் பெண்கள் குடத்தைக் கூட நீட்டாமல் கையை ஏந்தியே குடித்தார்கள். ஒருத்தி குடித்துவிட்டு, "இனிக்குதுடீ!" என்று கூவினாள். வெறும் தண்ணீர்தான்.

செய்தி எப்படிப் பரவியதென்று தெரியவில்லை. அடுத்த கோடையில் பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்தாள். கையில் இரண்டு மாதக் குழந்தை, பையில் பாட்டில். "உங்களுக்குப் பால் திரும்பி வந்துச்சாமே டீச்சர், நெசமா?" என்றாள். பயத்தில் அவள் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. கூடத்தில் உட்கார வைத்தேன். பாலாடையை நான் பிடித்தேன். மீன்காரப் பெண் அடுப்படியில் சுறாவை உரித்துக்கொண்டே, "தோள எறக்கச் சொல்லு டீச்சரம்மா" என்று குரல் கொடுத்தாள். நர்ஸம்மாவுக்கும் ஆள் அனுப்பினோம். மூன்று பேருமாகச் சேர்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லி, ஒரு பாலாடையும் கொடுத்து அனுப்பினோம்.

பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூட முகவரிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எழுதப் பழகாத கை. இரண்டே சொற்கள்: "வந்துடுச்சு டீச்சர்."

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு, கார்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன். மீன்காரப் பெண் அந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருப்பாள் என்று எனக்குத் தெரியும்.